பங்குனி வெயிலில் ஒரு பொனட்: பிரைமருக்கு எந்த நொசில், எந்தக் கப்?

ஏப்ரல் முதற் கிழமை. கொழும்பில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும் நாட்கள். வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நிசான் சன்னி கார், எஃப்.பி. 15, கரு நீலம், கிராண்ட்பாஸில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்தது. பொனட்டில் மேலே போடும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்திருந்தது. முன் விளிம்பில் இரண்டு நெளிவு. புத்தாண்டுக்கு ஹட்டனுக்குப் போக வேண்டும், அதற்கு முன் தந்துவிடுங்கள் என்றார். கையில் ஒரு கிழமை இருந்தது. ஒரு பொனட்டுக்கு அது தாராளம்.

அந்த ஒரு பொனட்டுக்கு மூன்று முறை பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு, அடித்தோம். முதல் இரண்டையும் தேய்த்து எடுத்தோம். வெயிலைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் வெயில் இல்லாத மாதம் எது? அதனால் நடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த இடைவெளியில் இருபது, இருபத்தைந்து வருடக் கார்களைத்தான் ஊரே பாதுகாத்து ஓட்டியது. எங்களிடம் வரும் கார் ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. மேலே எத்தனை நல்ல கிளியர் அடித்தாலும் அடியில் பிரைமர் சரியில்லை என்றால் ஆறு மாதத்தில் அது வெளியே வந்து நிற்கும். எனக்கு அது பொறுக்காது.

முதல் முறை அடித்தது பகல் ஒரு மணிக்கு. பிரைமருக்கென்று வைத்திருந்த ஸ்பிரே கன்னில் ஊசி ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. என்னோடு வேலை பழகும் பையன் பேஸ் கோட், அதாவது நிறப் பூச்சு, அடிக்கும் கன்னை எடுத்தான். அது 1.4 மி.மீ. நொசில். பிரைமரோ நல்ல கனமான டூ-கே பில்டர் வகை, அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து தடிப்பாகப் போடுவது. அந்தத் துளையில் அது இலகுவாக வராது. வரவில்லை என்றதும் தின்னர் சேர்த்தான். கையில் கிடைத்தது சாதாரண லேக்கர் தின்னர். பிறகும் புள்ளி புள்ளியாக விழ, காற்றைக் கூட்டினான். சுவரில் இருந்த மீட்டரில் காற்றழுத்தம் 4 பார். கன்னின் 600 மில்லி பெயின்ட் கப்பை விளிம்பு வரை நிரப்பியிருந்தான், மூன்று கோட்டையும் ஒரே கலவையில் முடித்துவிடலாம் என்று.

நான் வெளியே போயிருந்தேன். வந்து பார்க்கும்போது கூரையின் கீழ் முழுக்கப் புகை மாதிரித் தூள்.

“அண்ணே, மணல் மாதிரி விழுது. கை வச்சா கையோட வருது.”

பொனட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவர் போல இருந்தது. தகட்டின் சூட்டை மீட்டரில் அளந்தேன், 44 பாகை. காற்று 33. காரை வெயிலிலிருந்து உள்ளே தள்ளி அரை மணிநேரம்தான் ஆகியிருந்தது. கரு நிறத் தகடு அவ்வளவு சீக்கிரம் சூட்டை விடாது.

பையனைத் திட்டவில்லை. அவன் செய்தது ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் யாரோ செய்யச் சொல்லி அவன் பார்த்ததுதான். எது எந்தத் தப்பைக் கொண்டுவந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, சரியாகச் சொல்வதானால் எனக்கும் அன்று முழுதாகத் தெரியவில்லை. பின்னால் கிடந்த ஒரு பழைய மட்கார்டை எடுத்து, ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி அடித்துப் பார்க்கலாம் என்றேன்.

முதலில் தின்னர். லேக்கர் தின்னரில் அல்கஹோல் வகைகள் கலந்திருப்பது வழக்கம். டூ-கே பிரைமரின் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது பிரைமரின் ரெசினோடு பிணைந்துதான் இறுகும். நடுவில் அல்கஹோல் வந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். அப்போது ரெசினுக்குப் போக வேண்டிய ஹார்ட்னர் குறைந்துவிடும். மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே பலம் இருக்காது. அதுபோக, லேக்கர் தின்னர் ஆவியாகும் வேகமும் அதிகம். இந்தச் சூட்டில் அது கன்னிலிருந்து தகட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி பறந்துவிடும்.

சரி, அதே 1.4 நொசில், ஆனால் டூ-கேக்கு உரிய மெதுவான தின்னர். முன்னேற்றம் இருந்தது. மணல் குறைந்தது, போகவில்லை. காரணம் நொசிலில்தான் இருந்தது.

நொசில் எண்ணை வெறும் எண்ணாகப் பார்த்தால் 1.4க்கும் 1.8க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. துளையின் பரப்பைப் பாருங்கள். 1.4ஐ அதனாலேயே பெருக்கினால் 1.96. 1.8க்கு 3.24. அதாவது 1.8 துளை 1.4ஐ விட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெரியது. 2.0 என்றால் இரண்டு மடங்கு. பிரைமரில் டால்க் போன்ற கனமான பொடிகள் இருப்பதால் சின்னத் துளையில் அதைத் தள்ளக் காற்றைக் கூட்ட வேண்டி வருகிறது. காற்றைக் கூட்டினால் துளி பொடிப்பொடியாக உடைகிறது. துளியின் விட்டம் பாதியானால், அதே அளவு பெயின்ட்டுக்குக் காற்றில் படும் மேற்பரப்பு இரண்டு மடங்காகிறது. ஆவியாகும் வேகம் கூடுகிறது. 20 பாகைக் குளிர் நாட்டில் அந்தத் துளி 15, 20 சென்டிமீட்டரைக் கடந்து ஈரமாகவே போய்ச் சேரும். எங்கள் கராஜில் ஒரு மணி வெயிலில் அது காய்ந்துதான் சேர்ந்தது. காய்ந்த துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேராது. அடுக்கி வைத்த மணல் போல இடையில் ஓட்டையோடு நிற்கும். பிறகு பேஸ் கோட் அடிக்கும்போது அதன் தின்னர் அந்த ஓட்டைகளில் இறங்கும், அடியில் சாண்ட் பேப்பர் கீறல்கள் ஊதி மேலே தெரியும்.

நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான்: இங்கே நொசிலைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இந்தத் துளி தகட்டில் விழும்போது ஈரமாக இருக்குமா’ என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும். டப்பாவில் ஒட்டியிருக்கும் எண் அந்தக் கேள்விக்கு ஒரு தொடக்கம் மட்டும்.

அடுத்த நாள் நண்பர் ஒருவரின் கராஜிலிருந்து 2.0 கன் வாங்கி வந்தோம். பாலியெஸ்டர் ஸ்பிரே ஃபில்லர் அடிப்பவர் அவர். அந்த வேலைக்கு 2.0, 2.5 நொசில்கள் பொருத்தம். ஈரப் பிரச்சினை ஒரே அடியில் தீர்ந்தது. பொனட் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. எனக்கும் மகிழ்ச்சி. இரண்டு கோட் தடிப்பாகப் போட்டு விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை நகத்தால் அழுத்தினால் விளிம்பில் தடம் விழுந்தது. வோட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்தால் ஊசி குத்தினது போலச் சின்னத் துளைகள். சூட்டில் மேல்தோல் உடனே மூடிக்கொண்டது, உள்ளே தின்னர் அடைபட்டுப் போனது. அதில் வெளியே வந்தது துளையாக நின்றது. வராதது உள்ளேயே கிடந்து மெத்தென்று இருந்தது. வெயிலில் பிரைமர் சீக்கிரம் காயும் என்று எல்லோரும் சொல்வார்கள். மேலே மட்டும்தான் சீக்கிரம் காய்கிறது. தடிப்பாகப் போட்டால் அடியில் காய்வதற்குக் குளிர் நாட்டை விட அதிக நேரம்கூட எடுக்கலாம். அதை மறுபடி தேய்த்து இறக்க ஒரு நாள் போனது. டீச்சருக்கு ஃபோன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். “அவசரப்படாதீங்க தம்பி, பத்தாம் திகதிக்குள்ள தந்தா போதும்” என்றார். அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றி.

பிறகு வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனேன். எங்கள் பழைய பிரைமர் கன்னுக்கு 1.8 செட் வேண்டும் என்று கேட்டேன். கடையில் நொசிலை மட்டும் எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்றேன். நொசில், ஊசி, முன்னால் இருக்கும் காற்று மூடி மூன்றும் ஒரு செட்டாகச் செய்தவை. 1.4 ஊசி 1.8 நொசிலில் உட்காராது, கசியும். காற்று மூடியும் அந்தப் பெயின்ட் அளவை உடைப்பதற்கென்று துளை போட்டது. மூன்றையும் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் கூடுதல் காசுதான். எங்கள் கன்னில் முதலில் கசிந்ததும் ஊசியும் நொசிலும் தேய்ந்து போனதால்தான். பிரைமரில் இருக்கும் பொடி உலோகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். அதனால்தான் பிரைமருக்குத் தனிக் கன் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். பேஸ் கோட் கன்னில் பிரைமர் அடித்தால் அந்தக் கன்னின் ஆயுளும் போகும்.

எச்.வி.எல்.பி. கன், அதாவது அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் கன், வாங்கலாமே என்று கடையில் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். அந்த வகைக் கன்னில் மூடியில் வரும் காற்றழுத்தம் 0.7 பாரைத் தாண்டாது, தூசு குறைவு, பெயின்ட் மிச்சம். ஆனால் அதற்குக் காற்றின் அளவு நிறைய வேண்டும். பொதுவாக நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி வரை இழுக்கும். எங்கள் கொம்பிரசர் மூன்று குதிரைவலு. பத்துக் கன அடி தந்தாலே பெரிது. பொனட்டின் நடுவில் வரும்போது காற்று இறங்கிவிட்டால் துளி பெருத்து ஆரஞ்சுத் தோல் போல விழும். கன்னை வாங்குவதற்கு முன் கொம்பிரசரின் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நான் பழைய வகைக் கன்னையே வைத்துக்கொண்டு காற்றைக் குறைத்தேன்.

காற்றை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். சுவரில் 4 பார் காட்டும்போது, கன்னின் அடியில் மீட்டர் போட்டு ட்ரிகரை அழுத்தினால் 3 தான். மெல்லிய ஹோஸில் பத்து மீட்டர் வருவதற்குள் ஒரு பார் போய்விட்டது. ஹோஸை அகலமானதாக மாற்றி, கன்னின் அடியில் 2.3 பாரில் வைத்தோம். பிறகு தாளை மறைப்பு நாடாவால் சுவரில் ஒட்டி, ஒரு நொடி அடித்துப் பார்த்தோம். இந்தத் தாள் சோதனையைத் தவற விடாதீர்கள். நடுவில் கனத்து ஓரம் மெலிந்தால் காற்று போதாது அல்லது பெயின்ட் கனம். இரண்டு ஓரமும் கனத்து நடு இளைத்தால் காற்று அதிகம் அல்லது பெயின்ட் தண்ணீர். வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளைந்தால் எங்கோ துளை அடைத்திருக்கிறது. எங்கே என்று தெரிய, காற்று மூடியை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் திரும்பினால் அடைப்பு மூடியில், திரும்பாவிட்டால் நொசிலில். அடைப்பைக் கம்பியால் குத்தக் கூடாது. பல்குத்தும் குச்சி போதும்.

இனிக் கப். முதல் நாள் நடந்த சேதத்தில் பாதி கப்பினால் வந்தது என்று எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

கலவை தாளில், கலந்த பிரைமரை ஒரு மணிநேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘20 பாகையில்’ என்றும் இருந்தது. இப்படிப்பட்ட வினைகள் பத்துப் பாகை கூடும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 33 பாகையில் அந்த ஒரு மணிநேரம் 25 நிமிடத்துக்குக் கிட்டே சுருங்கிவிடும். 600 மில்லி நிரப்பி, கோட்டுக்குக் கோட் பத்து நிமிடம் காய விட்டு, மூன்றாம் கோட்டுக்கு வரும்போது கப்பில் இருந்தது வேறு பொருள். கனத்துவிட்டது என்று பையன் இடையில் மறுபடி தின்னர் ஊற்றியிருந்தான். இறுகத் தொடங்கிய கலவையைத் தின்னர் திரும்ப இளக்காது, இளகின மாதிரிக் காட்டும், அவ்வளவுதான். ஒரே கப்பில் அதிகமாகக் கலந்து வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: இறுகும்போது தானே சூடாகும், மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போகாது, இன்னும் வேகமாக இறுகும்.

அந்தப் பொனட்டுக்கு ஒரு கோட்டுக்கு 250 மில்லி அளவில் போனது. மூன்றாம் முறை கப்பில் 300க்கு மேல் ஊற்றவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் புதிதாகக் கலந்தோம். நாலுக்கு ஒன்று ஹார்ட்னர் என்று தாளில் உள்ள கணக்குப்படி அளந்து. கலக்கும் வேலை மூன்று மடங்கு. ஆனால் முதல் கோட்டும் மூன்றாம் கோட்டும் ஒரே மாதிரி விழுந்தன.

கையில் பிடிக்கும் கப்பைப் போலவே இன்னொரு கப் உண்டு, கராஜ்களில் அதைக் காணவே முடிவதில்லை. அடியில் 4 மி.மீ. துளை உள்ள அளவுக் கப். நிரப்பி விரலை எடுத்து, ஓடி முடிய எத்தனை நொடி என்று பார்ப்பது. பெயின்ட் தாள்களில் அந்த நொடிக் கணக்கும் 20 பாகைக்குத்தான் இருக்கும். எங்கள் அலமாரியில் இருந்த பிரைமர் சூட்டிலேயே இளகியிருந்தது. தின்னர் மிகக் குறைவாகச் சேர்த்தபோதே தாளில் சொன்ன நொடிக்கு வந்துவிட்டது. பழக்கத்தில் கைக்கணக்காக ஊற்றியிருந்தால் தேவையில்லாமல் இரண்டு மடங்கு போயிருக்கும், அத்தனையும் ஆவியாகி வெளியேற வேண்டியது. வெயிலில் தின்னரின் அளவைக் கூட்டாமல், மெதுவான வகைக்கு மாற வேண்டும். ஹார்ட்னரையும் அப்படியே.

கப் மேலே இருப்பதா, கீழே தொங்குவதா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கீழே தொங்கும் ஒரு லீட்டர் கப்பில் பெயின்ட்டை மேலே இழுக்கவே காற்று வேண்டும். கனமான பிரைமருக்கு இன்னும் அதிகம். காற்றைக் கூட்டினால் நான் மேலே சொன்ன மணல் கதை மறுபடி தொடங்கும். அடியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கும், அது முதலில் இறுகும். பிரைமருக்கு, அதுவும் இந்த ஊரில், கப் மேலேதான் இருக்க வேண்டும். அப்போது பெயின்ட்டின் சொந்தப் பாரமே அதை நொசிலுக்கு இறக்கும்.

மேல் கப்பில் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கிறது. பெயின்ட் இறங்க, அதன் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். முதல் நாள் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அந்தத் துளையில் பிரைமர் காய்ந்து அடைத்திருந்தது. கன் விட்டு விட்டு அடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பையன் அதைத்தான் காற்று போதாது என்று நினைத்து ரெகுலேட்டரைத் திருகியிருக்கிறான். இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் முன் துளையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே உறை போட்ட, வீசி எறியும் கப்களில் இந்தத் தொல்லை இல்லை. உறை தானே சுருங்கும், காற்று உள்ளே போக வேண்டியதில்லை, கன்னைத் தலைகீழாகப் பிடித்தும் அடிக்கலாம். வடியும் உள்ளேயே இருக்கும். பிரைமருக்கு 200 மைக்ரோன் வடி உள்ளதை வாங்க வேண்டும், 125 கிளியருக்கு. கதவுக்குக் கீழ்ப் பலகை, டயர் வளைவு போன்ற இடங்களுக்கு நான் அவற்றைத்தான் எடுக்கிறேன். பொனட்டுக்குச் சாதாரணக் கப் போதும், கழுவும் தின்னரைப் பற்றி யோசிக்காவிட்டால்.

நேரத்தையும் மாற்றினோம். காரை முதல் நாள் மாலையே உள்ளே ஏற்றி, காலை ஒன்பது மணிக்கு அடித்தோம். காற்று 29, தகடும் 29. ஏப்ரலில் பின்னேரத்தில் இடி மழை வரும், அதற்குள் முடிந்துவிடும். காலையில் ஈரப்பதன் அதிகம் என்று சிலர் பயப்படுவார்கள். பயம் நியாயமானதுதான். 31 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்கிவிடும். வெளியே நின்று குளிர்ந்த தகட்டில் அந்த ஆபத்து உண்டு. உள்ளே நின்ற காரில் குறைவு. தண்ணீர் உண்மையில் வருவது கொம்பிரசரிலிருந்து. சூடாக வெளியேறும் காற்று குழாயில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. டாங்கியின் அடித் திருகைத் திறந்து காலையிலும் கோட்டுக்கு இடையிலும் வடித்தோம். அந்தத் தண்ணீர் ஹார்ட்னரில் பட்டால் குமிழி வரும். ஹார்ட்னர் டின்னைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது, காற்றிலுள்ள ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் உரத்துச் சொல்ல வேண்டும். ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும், அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். துணியை மூக்கில் கட்டுவது எந்தக் காப்பும் இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரி. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பையனிடம், முகமூடி இல்லாமல் உன் கையில் கன்னைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் முறை: 1.8 செட், கன்னடியில் 2.3 பார், மெதுவான தின்னர் அளவுக் கப் சொன்ன அளவில், 300 மில்லிக் கலவை, மூன்று நடுத்தரக் கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பளபளப்பு முழுக்க மங்கும் வரை பார்த்தோம். இரவு முழுக்க விட்டோம். மறுநாள் 400 வோட்டர் பேப்பரில் தேய்த்தபோது பால் மாதிரி நுரை வந்தது, பேப்பர் அடைக்கவில்லை, துளை ஒன்றும் இல்லை. பிறகு பேஸ், கிளியர் என்று வழக்கமான வேலைதான். பத்தாம் திகதி மாலை கார் போனது.

ஓகஸ்டில் டீச்சர் பின் கதவில் ஒரு கீறலுக்காக மறுபடி வந்தார். நான் முதலில் பொனட்டைத்தான் பார்த்தேன். டியூப் லைட்டின் நிழல் அதில் நேர்கோடாகவே ஓடியது, ஓர் இடம் தவிர. இடது முன் விளிம்பில், உள்ளங்கை அகலத்தில், நிழல் லேசாக நெளிந்தது. இரண்டாம் முறை அடித்த தடிப்பை அங்கே அடிவரை தேய்க்காமல் விட்டிருந்தோம், நெளிவுக்குப் போட்ட ஃபில்லர் கிளறுமோ என்று பயந்து. டீச்சருக்கு அது தெரியவில்லை. காட்டினேன். கதவோடு சேர்த்து அந்த விளிம்பையும் தகடு வரை இறக்கி அடித்துக் கொடுத்தோம், அதற்குக் காசு வாங்கவில்லை. கன்னைப் பிடித்தது அந்தப் பையன்தான்.